எஃப்1 என்றால் அழைப்பு

(கொல்கத்தா டாலிகஞ்சில் தமிழன்பர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துக் கணிப்பொறி வகுப்பு என்று நினைத்துப் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் சிலர் தெரிகிறார்கள். பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள். பெரியவர்களுக்கு நான் உறுதி சொல்ல முடியாது.

உள்ளூர்ச் சங்கதியில் தொடங்குகிறேன். இங்கே டிப்போவிலிருந்து முன்பு பாலிகஞ்ச் போய்க்கொண்டிருந்த டிராமில் ஏறி, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்காதவர்கள் இந்த அரங்கில் குறைவு. தண்டவாளத்தில் ரிக்‌ஷா நின்றால் அவர் மணி அடிப்பார். எதனால் அடிப்பார்? காலால். ஒரு கை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியில், மறு கை பிரேக்கில். மணியைக் கையெட்டும் இடத்தில் வைத்திருந்தால், ஆபத்து வரும் நொடியில் பிரேக்கை விட்டுவிட்டு மணியைத் தேட வேண்டும். யாரோ ஒரு பொறியாளர் ஓட்டுநரின் பக்கத்தில் நின்று, இந்த மனிதருக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். கால் மிச்சமிருந்தது. மணியை அங்கே வைத்தார்.

நான் பேச வந்த விஷயமும் இதேதான். அமெச்சூர் ரேடியோ போட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் ரேடியோ, தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. உரிமம் பெற்ற தனிமனிதர்கள் சொந்தமாக ஒலிபரப்பும் கருவியும் கேட்கும் கருவியும் வைத்துக்கொண்டு, லாபநோக்கம் இல்லாமல் உலகத்தோடு பேசுவது ஹாம் ரேடியோ. இந்தியாவில் இதன் தொடக்கம் இந்த நகரத்தில்தான். 1921ல் அமரேந்திர சந்திர குப்தா 2ஜே.கே. என்ற அழைப்புக்குறியோடு நிலையம் வைத்தார். அதே ஆண்டில் முகுல் போஸ் 2எச்.க்யூ. என்ற குறியோடு சேர்ந்துகொண்டார். பேச இன்னொருவர் இருந்தால்தானே ரேடியோ? அதற்கும் முன்னால், 1895ல் ஜகதீஷ் சந்திர போஸ் இதே கல்கத்தாவின் டவுன் ஹாலில் கம்பியில்லாமல் தொலைவில் மணி அடித்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டியிருக்கிறார். நம் பக்கத்தில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924ல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். மூன்று ஆண்டுதான் பின்தங்கினோம். வங்காளி நண்பர்கள் இதை அடிக்கடி நினைவூட்டுவார்கள், நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது போட்டி. சி.க்யூ. வேர்ல்டு வைட் என்று ஒன்று உண்டு. 1948ல் தொடங்கியது. பேச்சுக்கு அக்டோபரின் கடைசி முழு வாரக்கடைசி, மோர்ஸுக்கு நவம்பரின் கடைசி முழு வாரக்கடைசி. நம் நேரப்படி சனிக்கிழமை காலை 5.30க்கு ஆரம்பித்துத் திங்கள் காலை 5.30க்கு முடியும். அந்த 48 மணி நேரத்தில் எத்தனை நிலையங்களைத் தொட முடியுமோ அத்தனையைத் தொட வேண்டும். தொடுவது என்றால், என் அழைப்புக்குறி அவருக்குப் பிழையில்லாமல் போய்ச் சேர வேண்டும், அவருடையது எனக்கு வர வேண்டும், இருவரும் ஆளுக்கொரு எண்ணைப் பரிமாற வேண்டும். கொல்கத்தாவில் இருந்தால் அந்த எண் 22. அந்தப் போட்டி உலகத்தைப் பிரித்த 40 மண்டலங்களில் இந்தியப் பெருநிலம் 22ல் வருகிறது. அந்தமான் 26. ஒரே நாடு, வேறு மண்டலம். அந்தமானுக்கு நான் பிறகு வர வேண்டியிருக்கிறது.

இந்த உரையாடல் எவ்வளவு குட்டி என்று பாருங்கள். நான் என் குறியைச் சொல்லிப் பொதுவாக அழைக்கிறேன். யாரோ ஒருவர் தன் குறியை மட்டும் சொல்கிறார். நான் அவர் குறியைத் திருப்பிச் சொல்லி, ‘59, 22’ என்கிறேன்; 59 என்றால் அவர் குரல் நன்றாகக் கேட்கிறது என்று பொருள். அவர் தன் ‘59’ஐயும் தன் மண்டலத்தையும் சொல்கிறார். நான் நன்றி சொல்லி மறுபடி என் குறி. முடிந்தது. குசலம் கிடையாது, வானிலை கிடையாது. தேர்ந்தவர்கள் மணிக்கு 180 தொடர்பு போடுவார்கள். கணக்குப் போட்டால் தொடர்புக்கு 20 நொடி. அந்த 20 நொடியில் காதுக்குத்தான் முழு வேலை. இரைச்சலுக்கு நடுவே ஒரே நேரத்தில் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். அதில் ஒரு குறியின் கடைசி இரண்டு எழுத்தாவது பிடிபட வேண்டும். கண் பாதி மூடியிருக்கும். மிச்சமிருப்பது பத்து விரல். விசைப்பலகைக் குறுக்குவழி என்று நான் சொல்வது இந்தப் பத்து விரலுக்கான ஏற்பாடு.

காகிதக் காலத்தில் சிக்கல் வேறு. ஒரு கையில் பேனா, ஒரு கையில் மோர்ஸ் சாவி. ஒரே நிலையத்தை இரண்டு முறை எழுதிவிடாமல் இருக்கத் தனியாக ஒரு தாள். அப்போதே குறுக்குவழிகள் இருந்தன, விசையில் இல்லை, மொழியில் இருந்தன. மோர்ஸில் 9 என்பது நான்கு கோடு ஒரு புள்ளி. என் என்ற எழுத்து ஒரு கோடு ஒரு புள்ளி. அதனால், பேச்சில் 59 என்பதற்கு மோர்ஸில் வரும் 599ஐ அப்படியே அடிக்காமல் ஐந்து, என், என் என்று அடிப்பார்கள். பூஜ்யத்துக்கு ஐந்து கோடு அடிக்கச் சோம்பல்பட்டு ஒரே ஒரு நீளக் கோடு. கேட்பவருக்கு அங்கே எண்தான் வரப்போகிறது என்று தெரியும், ஆகவே குழப்பமில்லை. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்: அடுத்து என்ன வரும் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்கும் இடத்தில்தான் சுருக்கம் செல்லும்.

1980களில் அமெரிக்காவில் கென் வுல்ஃப் என்ற ஹாம், டாஸ் கணிப்பொறிக்கு தொடர்புகளைப் பதிவு செய்யும் சி.டி. என்ற லாக்கிங் மென்பொருள் எழுதினார். பிறகு என்.ஏ., டி.ஆர். லாக், ரைட்லாக், வின்-டெஸ்ட் என்று ஒரு வம்சமே வந்தது. இன்று பரவலாக ஓடுவது டாம் வாக்னர் தொடங்கிய என்1எம்எம். அது அவருடைய அழைப்புக்குறியே. மென்பொருளுக்குத் தன் பெயரை வைத்தார் என்று கோபப்பட வேண்டாம், ஹாம்களுக்கு வேறு பெயரே கிடையாது. இவை எல்லாவற்றிலும் எஃப்1 என்றால் அழைப்பு. ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று கூவும் விசை. என்1எம்எம்மில் எஃப்2 நம் எண்ணைச் சொல்லும். எஃப்3 நன்றி. எஃப்4 நம் குறி. எஃப்5 எதிராளியின் குறி.

சி.டி. வந்த அதே காலத்தில், 1987ல், ஐபிஎம் நிறுவனம் ஒரு பொது விதி போட்டது. எஃப்1 என்றால் உதவி, ஆல்ட்டும் எஃப்4ம் சேர்ந்தால் ஜன்னலை மூடு, எஃப்10 என்றால் மெனுவுக்குப் போ. உலகத்து மென்பொருள்கள் பல அதற்குப் பணிந்தன. போட்டிக்காரர்கள் பணியவில்லை. அவர்கள் செய்தது சரி என்பது என் கட்சி. அதிகாலை மூன்று மணிக்கு 48 மணி நேரப் போட்டியில் இருப்பவனுக்கு உதவிப் பக்கம் எதற்கு? அவன் அதிகம் அழுத்தப்போவது அழைப்பை. அதிகம் அழுத்தும் விசை மூலையில் இருக்க வேண்டும், பார்க்காமலே விரல் மோதி நிற்கும் இடத்தில். பக்கத்திலேயே எஸ்கேப் இருக்கிறது. அனுப்புவதை நிறுத்தும் விசை அது. கூவும் விசையும் வாய்மூடும் விசையும் அடுத்தடுத்து.

ஆனால் அந்த மூலை எப்போதும் ஒரே மூலையாக இருந்ததில்லை. 1981ல் வந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையில் எஃப் விசைகள் பத்துதான், இடது ஓரத்தில் இரண்டு பத்தியாக நின்றன. இடது கை சும்மா இறங்கினால் தட்டுப்படும். சில ஆண்டுகளில் அவை பன்னிரண்டாகி மேல் வரிசைக்கு ஏறின. ஏறினாலும் நான்கு நான்காக, நடுவில் இடைவெளி விட்டு. எஃப்5 என்பது இடைவெளிக்கு வலப்பக்கம் முதல் விசை, தடவினாலே தெரியும். மடிக்கணினி வந்ததும் இடைவெளி போயிற்று. அதோடு நின்றதா? எஃப்1ஐ அழுத்தினால் பல மடிக்கணினிகளில் ஒலி அடங்கும், எஃப்2க்குச் சத்தம் குறையும். எஃப்1 என்றே வேண்டுமென்றால் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

மேசைக் கணினி வைத்துக்கொள்ளேன் என்பீர்கள். டாலிகஞ்சில் பழைய வீட்டு மாடியில் இருப்பவன் நான். லோட்ஷெடிங் முன்போல் இல்லை என்பது உண்மை. ஆனால் அது இரண்டு நிமிடம் வந்தாலும் போதும். ரேடியோவுக்கு 12 வோல்ட் பேட்டரி உண்டு, மடிக்கணினிக்குள்ளேயே பேட்டரி உண்டு, அதனால் மடிக்கணினிதான். தீபாவளி, காளி பூஜை சமயத்தில் அக்டோபர் போட்டி வந்தால் தெருவெல்லாம் சீரியல் விளக்கு. அதன் இரைச்சல் ஏரியலில் ஏறி, பலவீனமான குரலை முழுங்கிவிடும். ‘மறுபடி சொல்லுங்கள்’ என்ற எஃப்8ஐ அந்த வாரத்தில் நான் அழுத்தும் கணக்கு எஃப்3ஐ மிஞ்சிவிடும். அமெரிக்கச் சமவெளியில் நூறு அடி கோபுரம் வைத்திருப்பவர் தனக்காக அமைத்த விசை வரிசையும் என்னுடையதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. என்1எம்எம்மில் எஃப் விசைகளின் செய்திகளை நாமே மாற்றிக்கொள்ளலாம். நான் எஃப்8ன் வேலையை எஃப்1க்கு அருகே கொண்டுவந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் திருப்பி வைத்துவிட்டேன், விரல் பழைய இடத்துக்கே போயிற்று. பழக்கம் என்பதும் ஒரு வடிவமைப்பாளர்தான், நம்மிடம் கேட்காமல் வேலைக்குச் சேர்ந்தவர்.

இங்கே ஒரு அழகான கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். அழைப்புக்குறி ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் ஆனது. சில சமயம் ஒரு சாய்கோடு. சந்தேக எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஆக, நிறுத்தக்குறி விசைகளில் பெரும்பாலானவை வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. கடிதம் அடிக்கும் மென்பொருளில் அரைப்புள்ளியை ஆணைக்கு எடுக்க முடியாது, கடிதத்துக்கு அது வேண்டும். அதனால்தான் கண்ட்ரோல், ஆல்ட் என்று கைகளை முறுக்குகிறார்கள். லாக்கில் அரைப்புள்ளிக்கு என்ன வேலை? சி.டி. காலத்தில், ‘எதிராளியின் குறியையும் என் எண்ணையும் சேர்த்து அனுப்பு’ என்பதற்கு இன்சர்ட் விசை. அது வலப்பக்கக் கோடியில் இருந்தது. இப்போது அதே வேலையை அரைப்புள்ளியும் செய்கிறது, வலது சுண்டுவிரல் ஓய்வெடுக்கும் இடத்திலேயே.

இன்னொன்று. குறி எழுதும் கட்டத்தில் 14025 என்று அடித்து என்டர் தட்டினால், ரேடியோ அந்த அலைவரிசைக்குத் தாவும். எந்த விசையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஏனென்றால் வெறும் எண்ணால் ஆன அழைப்புக்குறி உலகில் கிடையாது. அடித்தது குறியா கட்டளையா என்று அதன் உருவமே சொல்லிவிடுகிறது. இதுவே எனக்குப் பிடித்த குறுக்குவழி, விசையே இல்லாத குறுக்குவழி.

தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கு இது புதிதில்லை. தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அதில் ‘பக்கம்’ என்று அடிக்க இரண்டு முறை ககரத்தைத் தட்டினால் போதும், முதல் ககரத்தின் தலையில் புள்ளி தானே ஏறும். ‘தங்கம்’ அடிக்க ஙகரமும் ககரமும் அடுத்தடுத்து வந்தால் ஙகரத்துக்குப் புள்ளி வந்துவிடும். நாம் சொல்லவில்லை, தமிழ் இலக்கணம் சொல்கிறது. மெய்ம்மயக்கம் படிக்கும்போது பள்ளியில் கொட்டாவி விட்டோம். அதுவே 1999ல் விசைக்குள் போய் உட்கார்ந்து நம் விரலுக்கு வேலை மிச்சப்படுத்தியது. அதற்கும் வெகுகாலம் முன்னே யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது புள்ளியையும் கொம்பையும் எப்படிப் பொருத்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்டார். சில விசைகளை அடித்தால் உருளை நகராது, அடுத்த எழுத்து அதே இடத்தில் விழும். விசைக்குள் இலக்கணம் வைக்கும் வேலையில் நமக்கு முன்னோர் உண்டு.

போட்டி லாக்கிலும் அப்படி ஒரு இலக்கணம் புகுந்தது. ‘என்டர் தட்டினால் செய்தி போகும்’ என்ற முறை. கட்டம் காலியாக இருக்கும்போது என்டர் தட்டினால் அழைப்பு போகும். குறியை அடித்துத் தட்டினால் அவர் குறியும் என் எண்ணும் போகும். அவர் எண்ணை அடித்துத் தட்டினால் நன்றி போகும், லாக்கில் பதிவும் ஆகும். ஒரே விசை, மூன்று வேலை. உரையாடல் எந்தப் படியில் இருக்கிறது என்று மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. 59 என்பதை அதுவே நிரப்பி வைத்திருக்கும். ஸ்பேஸ் தட்டினால் நேரே எண்ணுக்குப் போகலாம்.

அற்புதம்தான். ஆனால் இதே அற்புதம் என்னை ஒரு ஞாயிறு அதிகாலையில் தலைகுனிய வைத்தது. போட்டியில் இரண்டு விதமாக உட்காரலாம். ஒரு அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு நாம் கூவுவது ஒன்று. கூவுகிறவர்களைத் தேடிப் போய் பதில் சொல்வது இன்னொன்று. முதல் நிலையில் காலிக் கட்டத்தில் என்டர் தட்டினால் அழைப்பு போகும். இரண்டாவதில் அதே என்டர் என் குறியை மட்டும் சொல்லும். நான் தேடும் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, வேறொருவர் நெடுநேரமாகக் கூவிக்கொண்டிருந்த இடத்தில் போய் என்டர் தட்டினேன். மென்பொருள் கூவும் நிலையில் இருந்தது. அவர் தலைமேல் நான் கூவினேன். அவர் சொன்னது மோர்ஸில் நான்கே எழுத்து, மொழிபெயர்க்க மாட்டேன், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தப்பு என்னுடையது. ஆனால் வடிவமைப்பவனாக யோசித்தால், ஒரே விசைக்கு இரண்டு அர்த்தம் வைத்தவன் எந்த அர்த்தம் நடப்பில் இருக்கிறது என்பதைத் தூங்குமூஞ்சிக்கும் புரியும்படி காட்ட வேண்டும். என்1எம்எம் அடுத்து எந்தச் செய்தி போகும் என்பதற்கு அந்தப் பொத்தானை வண்ணத்தில் காட்டுகிறது. விழித்திருப்பவனுக்கு அது போதும். கண்ணை மூடிக் கேட்பவனுக்கு வண்ணம் எதற்கு? நிலை மாறும்போது காதுக்குள் ஒரு மெல்லிய ஒலி போதும். டிராம் மணிக்கு எந்த உறுப்பு மிச்சம் என்று பார்த்ததுபோல, இங்கே எந்தப் புலன் விழித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு ரேடியோவை ஒருவரே ஓட்டும்போது இது இரு மடங்காகிறது. இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று. என்டர் எந்த ரேடியோவுக்குப் போகிறது என்ற கேள்விக்கு ஒரு நொடி தாமதித்தால் இரண்டும் கைவிட்டுப் போகும்.

அழிக்கும் விசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடித்ததைத் துடைக்க எஃப்12. மடிக்கணினியில் அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சிலவற்றில் டெலீட். சிலவற்றில் கணிப்பொறியை அணைக்கும் பொத்தான்! வேகம் கூட்டும் விசையைப் பற்றி ஹாம்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். எனக்குத் திருத்தும் விசைகளே அதைவிட முக்கியம். குறியில் ஒரு எழுத்து தப்பினால் அந்தத் தொடர்பு கழிக்கப்படுவதோடு, கூடவே தண்டமும் உண்டு. இரண்டு வினாடி மிச்சப்படுத்தி ஒரு எழுத்தைத் தவறவிடுவது வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை இழப்பதுதான். துடைக்கும் விசையை இரண்டாம் முறை தட்டினால் துடைத்தது திரும்பி வர வேண்டும். என் சொந்த விசைத் தொகுப்பில் நான் முதலில் எழுதியது இதைத்தான்.

இனி அந்தமான். 2004 டிசம்பர் தொடக்கத்தில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேயர் போனது. பல ஆண்டுகளாக அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் குரல் கேட்டதில்லை. உலகம் முழுவதும் காத்திருந்தது. போட்டி இல்லை, ஆனால் போட்டியைவிட நெருக்கடி. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் மேலே சொன்ன அதே குட்டி உரையாடல்தான் நடக்கும். 26ஆம் தேதி காலை நிலம் ஆடியது, கடல் வந்தது. தொலைபேசி போயிற்று. அதே ஏரியல், அதே ரேடியோ, அதே மனிதர்கள். உரையாடல் மட்டும் தலைகீழாக மாறிற்று. இப்போது குறியும் எண்ணும் வேண்டாம். யார் பிழைத்தார், எந்த விடுதியில் இருக்கிறார், எந்த ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும். ஒரு பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்லி, சரிபார்த்து எழுத வேண்டும்.

அப்படிப்பட்ட நேரத்தில் போட்டி லாக்கைத் திறந்து வைத்திருப்பது ஆபத்து. பேச்சுப் போட்டிகளில் எஃப் விசைகள் முன்பே பதிந்த நம் குரலை ஒலிபரப்பும். பழக்கத்தில் விரல் எஃப்1ஐத் தொட்டால், உயிர்ச் செய்தி போகும் அலைவரிசையில் ‘போட்டிக்கு அழைக்கிறேன்’ என்று உற்சாகமாக ஒரு குரல் பாயும். இதற்குச் சுனாமிதான் வர வேண்டும் என்பதில்லை. நாம் பொங்கல் வைக்கும் நாளில் கங்காசாகரில் மேளா நடக்கிறது. கூட்டத்தில் தொலைந்தவர்களை மேற்கு வங்க ரேடியோ கிளப்காரர்கள் குடும்பத்தோடு சேர்த்து வைப்பது செய்தித்தாள்களில் வரும். அங்கே கேள்வி: என்ன மொழி பேசுகிறார், என்ன உடை, எந்த ஊர்ப் பெயர் அவர் வாயில் வருகிறது. இந்த உரையாடலுக்கு என்டர் தட்டினால் எதுவுமே ஒலிபரப்பாகக் கூடாது, அடுத்த கட்டத்துக்குப் போனால் போதும். அதனால் நான் ஒரே மென்பொருளில் இரண்டு விசைத் தொகுப்பு வைக்கும் யோசனைக்கு எதிர். அவசர வேலைக்கு வேறு மென்பொருள், வேறு திரை வண்ணம், முடிந்தால் வேறு விசைப்பலகை. ஒரே விசைக்கு இரண்டு அர்த்தம் வைத்து நான் பட்டது போதும்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மேசைமேல் இரண்டு விசைப்பலகை வைத்திருக்கிறேன். ஒன்று பழையது, எஃப் விசைகளுக்கு நடுவே இடைவெளி உள்ளது. மற்றது மடிக்கணினி. ரேடியோ இணைக்கவில்லை, பயப்படாதீர்கள். மேடைக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டிலும் எஃப்5ஐத் தொட்டுக் காட்டுங்கள். முதலில் பேரப்பிள்ளைகள். அந்த நீலச் சட்டைத் தம்பி, நீ வா.